கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒரு குரல்

அத்தியாயம் 11

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு வீணா சாப்பாட்டு மேஜையின் பாதியைத் துடைத்து, அதன் மேல் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தாள்.

மல்லேஸ்வரம் பதினோராவது கிராஸில் இருக்கும் அந்த வீட்டில் மேஜையின் ஒரு பாதி குடும்பத்துக்கு, மறுபாதி ஆபீஸுக்கு. மூன்று வருஷமாக அப்படித்தான். நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித் தருவது, தேதி பேசுவது, ஒப்பந்தம் படிப்பது, வாய்ப்பு கிடைக்காதபோது அவர்கள் அழுவதைப் போனில் கேட்பது, எல்லாம் அந்த மூன்றடி அகலத்தில்.

முதல் காகிதம் அவளிடம் இருக்கும் நடிகர்களின் பட்டியல். ஒன்பது பெயர்கள். முதல் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஷ்ரேயாஸ். போன வாரம் அவன் எப்படிப் போனான் என்பதை மறுபடி விஸ்தாரமாகச் சொல்லி அவளை நோகடிக்க வேண்டாம். கதவு கதவாகத் தட்டி அவள் ஆளாக்கிய பையன், மும்பைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, 'நன்றி மேடம்' என்று கைகூப்பும் பொம்மையோடு ஒரு மெசேஜ் அனுப்பினான். அவ்வளவுதான்.

இரண்டாவது காகிதம் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியிலிருந்து வந்த வேலைக் கடிதம். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் எட்டு வருஷம் அவள் பார்த்த அதே ஹெச்.ஆர். வேலை. சம்மதமா இல்லையா என்று இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஆறு மணி ஒரு நிமிஷம் ஆனால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளே எத்தனை பேருக்கு அப்படிச் செய்திருக்கிறாள்!

காபி டம்ளரோடு வந்த அவள் கணவன் ரவிக்குமார் இரண்டு காகிதங்களையும் பார்த்தான். அவன் ஒரு கல்லூரியில் பௌதிக லேப் அசிஸ்டென்ட். எதையும் அளந்துவிட்டுத்தான் பேசுவான்.

"என்ன முடிவு?"

"அஷ்வின் விஷயம் இன்னிக்குத் தெரிஞ்சிடும். வந்தா ஏஜென்சி. வரலேன்னா வைட்ஃபீல்ட்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஒரு பெரிய சீரிஸ்ல நம்ம ஆள் ஒருத்தர் இருந்தாத்தான் மத்த ஏழு பேரையும் எவனாவது திரும்பிப் பார்ப்பான். இல்லாட்டி நான் அவங்களையும் ஏமாத்தறேன், உன்னையும் ஏமாத்தறேன்."

ரவி காபியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அஷ்வின் குடியாத்தத்துப் பையன். ஆறு வருஷமாக மேடை நாடகம். தமிழிலும் கன்னடத்திலும் எடுக்கப்போகும் ஒரு வெப் சீரிஸில் மகன் வேஷத்துக்குக் கடைசி இரண்டு பேரில் ஒருவனாக நின்றான். இன்னும் ஒரே ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இதே மேஜைக்கு எதிரே, வெள்ளைச் சுவரில் அவனை நிறுத்தி எடுத்தாள். இப்படி எடுக்கும்போது கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் நின்று எதிராளியின் வசனத்தைப் படிப்பது வழக்கம். படிக்க வர வேண்டியவர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, ஒரு பை அவரைக்காயோடு ரவியின் அக்கா சீதாலட்சுமி பொம்மனஹள்ளியிலிருந்து வந்து இறங்கினாள். வீணா வேறு வழியில்லாமல் காகிதத்தை அவள் கையில் திணித்தாள்.

எட்டரைக்குப் போன் அடித்தது. சீரிஸுக்கு நடிகர்களைத் தேர்வு செய்யும் ஜூடித். குக் டவுனில் பிறந்து வளர்ந்தவள், சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"வீணா, ஞாயித்துக்கிழமை டேப்ல யாருப்பா அது?"

"அஷ்வின்தான். பேரு, உயரம் எல்லாம் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கானே."

"அவன் இல்ல. இந்தப் பக்கம். அம்மா டயலாக் படிச்ச லேடி."

"சாரி ஜூடித், அன்னிக்கு வேற ஆள் கிடைக்கல, வேணும்னா இன்னிக்கே மறுபடி எடுத்து…"

"சாரி எதுக்கு? டைரக்டர் அனுஷா காலையிலேருந்து அதை நாலு தடவை போட்டாச்சு. திரையைப் பாக்கவே இல்ல, கண்ணை மூடிட்டுக் கேக்கறா. அம்மா ரோலுக்கு நாப்பது பேரைப் பார்த்துட்டோம். இந்த லேடிதான் வேணுமாம். உன் ஆர்ட்டிஸ்ட்டா?"

"ஆமா, நம்ம ஆர்ட்டிஸ்ட்தான்" என்றாள் வீணா. வாய் முந்திக்கொண்டது.

"மூணு மணிக்கு வைட்ஃபீல்ட் கூட்டிட்டு வந்துடு. அஷ்வினும் வரட்டும்."

"அஷ்வின் எப்படி? பிடிச்சிருக்கா?"

"அவனைப் பத்தி இன்னும் யாரும் பேசலப்பா."

வீணா போனை வைத்துவிட்டு அந்த வீடியோவைப் போட்டாள். அனுப்புவதற்கு முன் வெளிச்சம், பின்னணி, நீளம், ஃபைல் பெயர் என்று ஏழு விஷயங்களைப் பட்டியல் போட்டு டிக் அடித்திருந்தாள். எட்டாவதாகக் கேமராவுக்கு இந்தப் பக்கத்துக் குரலைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது கேட்டாள்.

கதையில் மகனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் சொல்லாமல் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. 'ஏன் என்கிட்ட மறைச்சே?' என்பதுதான் காகிதத்தில் இருந்த வசனம். வீடியோவில் சீதாலட்சுமியின் குரல் வேறொன்று கேட்டது.

"ரெண்டு மாசமா டிபன் பாக்ஸ் காலியா வருதே. எந்தப் பார்க்ல உக்காந்துடா தின்ன?"

வீணா நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். படிப்பவர் சுவர் மாதிரி இருக்க வேண்டும். உணர்ச்சி கூடாது, வசனம் மாறக் கூடாது. அப்போதுதான் எதிரே நிற்கும் நடிகன் தெரிவான். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்ளும் பாடம் இது. அவள் கோட்டைவிட்டிருந்தாள். அண்ணி அஷ்வினை முழுதாகச் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருந்தாள்.

"எங்க அக்காவா?" என்றான் ரவி. சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. "அவ ஹலோன்னு சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க. அவளை எப்படிக் கூப்பிடுவ? ஃபேக்டரில காலையிலயே போனை வாங்கிப் பூட்டிடுவாங்களே."

"நேர்ல போறேன்."

"உன் வேலையைப் பத்தி அவ என்ன சொல்லுவான்னு தெரியுமில்ல?"

தெரியும். ஆள் பிடிக்கிற வேலை. படித்த படிப்புக்கு, எவனோ பவுடர் பூசிக்கொள்ள வண்டி அனுப்புகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட அவரைக்காய் உரித்தபடியே சொன்னாள்.

போகிற வழியில் அஷ்வினைக் கூப்பிட்டாள். மறைக்காமல் சொன்னாள். எதிர்முனையில் அவன் சிரித்தான்.

"மேடம், ஆன்ட்டி அன்னிக்கே என்னை ஓரங்கட்டிட்டாங்க. அந்த டிபன் பாக்ஸ் கேள்விக்கு எனக்குப் பதிலே வரல. முழிச்சேன். நடிப்புன்னு நீங்க நினைச்சீங்க."

"மூணு மணிக்கு வந்துடு."

"ரெண்டரைக்கே இருப்பேன் மேடம்."

*

மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வரை வந்து, மஞ்சள் லைனில் மாறி, பொம்மனஹள்ளியில் இறங்கி, ஆட்டோ பிடித்து அந்த ஆயத்த ஆடை ஃபேக்டரியின் வாசலை வீணா அடைந்தபோது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம்.

"யாரு பேக்கு மேடம்? யாரைப் பாக்கணும்?" என்றார் செக்யூரிட்டி.

"சீதாலட்சுமி. ஏழாவது லைன் சூப்பர்வைசர்."

பெயரைக் கேட்டதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. நீல ஓவர்கோட்டும் கழுத்தில் இஞ்ச் டேப்பும் நூல் வெட்டும் கத்தரியுமாகச் சீதாலட்சுமி விறுவிறுவென்று வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. அறுபது தையல் மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் இருபத்திரண்டு வருஷம் பேசிப் பழகிய தொண்டை.

"யாருக்கு என்ன? ரவிக்கா? சுகர் மாத்திரை போடறானா இல்லையா அவன்?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல அண்ணி."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"சந்தோஷம் அண்ணி."

"சந்தோஷம்னா இப்படியா இருக்கும்?"

"ஞாயித்துக்கிழமை நீங்க படிச்சீங்களே, அந்த அம்மா டயலாக்…"

"ஆமா, மாத்திப் படிச்சேன். எந்த அம்மாவாச்சும் அப்படிக் கேப்பாளா? சகிக்கல. ஏன், தப்பாயிடுச்சா? அந்தப் பையனுக்குச் சான்ஸ் போயிடுச்சா? ஐயோ, நல்ல பையன்மா அவன். நானே வேணா வந்து சொல்றேன், தப்பு என்னோடதுன்னு."

"போகல அண்ணி. அம்மா வேஷத்துக்கு உங்களைக் கேக்கறாங்க."

சீதாலட்சுமி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை. கேட்டுக்கு வெளியே வெள்ளரிக்காய் விற்றவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மூஞ்சிய பாக்கலயே அவங்க. பாத்தா அனுப்பிடுவாங்க."

"பாக்கல. கேட்டாங்க. நாலு தடவை போட்டுக் கேட்டாங்களாம்."

"நாலு தடவையா?"

"நாலு."

"அவங்க சொன்னதா, நீ சேத்துச் சொல்றியா?"

"நான் எதையும் சேக்கல அண்ணி. ஜூடித் சொன்னதை அப்படியே சொல்றேன்."

சீதாலட்சுமி கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"என்ன சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லு."

வீணா சொன்னாள். நாற்பது பேரைப் பார்த்ததையும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டதையும், ஒன்று விடாமல். சீதாலட்சுமி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இரு. வரேன்."

பன்னிரண்டு நிமிஷம் கழித்து அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். ஓவர்கோட் இல்லை. முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். தலையில் பூ, கல்யாணப் பெண்ணுக்கு வைத்த மாதிரி.

"ஏன் இவ்ளோ பூ அண்ணி?"

"லைன்ல எட்டுப் பேரு தந்தாளுங்க. ஒருத்தி பூவை வச்சுகிட்டு இன்னொருத்தி பூவை வேணாம்னா, நாளைக்கு டார்கெட் முடிக்க மாட்டாளுங்க."

*

டாக்ஸி சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டவே முப்பத்தைந்து நிமிஷம் பிடித்தது. வீணாவின் பார்வை கைக்கடிகாரத்துக்கும் ரோட்டுக்கும் மாறி மாறி ஓடியது. சீதாலட்சுமி வசனக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதடு அசைத்தபடி வந்தாள்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு வார்த்தை மாறக் கூடாது. எழுதினது எழுதின மாதிரி சொல்லணும். முறை அதுதான்."

"அப்படியா? சரி. இருபத்திரண்டு வருஷமா வந்த பேட்டர்னை அப்படியே தச்சுக் குடுத்தவ நான். மாறாது."

மாரத்தஹள்ளி வருவதற்குள் மனப்பாடம். வைட்ஃபீல்ட் வருவதற்குள் பின்னாலிருந்தும் சொல்வாள் போலிருந்தது. இரண்டே முக்காலுக்கு இறங்கினார்கள். வீணாவின் கால் தரையில் பாவவில்லை. நேரத்துக்கு வந்தாயிற்று, வசனம் தயார், ஆள் தயார். மனதுக்குள் ஏழு டிக்கும் போட்டுவிட்டாள்.

நான்காவது மாடியில் ஒரு வெறும் ஹால். வெள்ளைச் சுவர், ஸ்டாண்டில் கேமரா, இரண்டு விளக்கு, தரையில் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட ஒட்டிய சிவப்பு டேப். அஷ்வின் சுவரோரம் நின்றிருந்தான். சீதாலட்சுமியைப் பார்த்ததும் வணக்கம் வைத்தான்.

டைரக்டர் அனுஷாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தலையைச் சாய்த்துப் பேசினாள். "வாங்கம்மா. ஏஜென்ட் வெளியில இருக்கலாமே?"

இந்த அறைக்குள் ஏஜென்ட் நுழைவது மரபில்லை. வீணா திரும்பப்போனாள்.

"அவ இங்கயே இருக்கட்டும்" என்றாள் சீதாலட்சுமி. "இல்லேன்னா நானும் கிளம்பறேன்."

ஜூடித் வாயைப் பொத்திக்கொண்டாள். அனுஷா சிரித்து, சுவரோரத்தைக் காட்டினாள். "பேசக் கூடாது, அவ்ளோதான்."

கேமரா ஓடியது. சீதாலட்சுமி சிவப்பு டேப்பின் மேல் இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டன. தாடை தூக்கிக்கொண்டது.

"ஏன். என்கிட்ட. மறைச்சே."

சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்தின் கீழே பேச்சு ஒப்பிக்கும் ஆறாம் வகுப்புப் பெண்தான் அங்கே நின்றிருந்தாள். ஒரு வார்த்தை மாறவில்லை. ஒரு வார்த்தையிலும் உயிரில்லை.

"இன்னொரு தடவை போலாமா" என்றாள் அனுஷா.

இரண்டாவது தடவை இன்னும் மோசம். மூன்றாவது தடவை பாதியில் கைக்குட்டையை எடுத்து வியர்வையைத் துடைத்தாள். தலையிலிருந்து மல்லிகை இரண்டு உதிர்ந்தன.

எழுதினது எழுதின மாதிரி. வார்த்தை மாறக் கூடாது. சொன்னது யார்? வீணாவேதான். எந்தக் குரலைத் தேடி இவர்கள் கூப்பிட்டார்களோ, அந்தக் குரலை டாக்ஸியிலேயே கழுத்தைத் திருகிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தேங்க்ஸ்ம்மா" என்றாள் அனுஷா மென்மையாக.

இந்தத் தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அறையிலிருந்த நான்கு பேருக்குத் தெரியும். ஐந்தாவது ஆளுக்கும் தெரிந்துவிட்டது. சீதாலட்சுமி டேப்பிலிருந்து ஒரு காலை எடுத்தாள்.

"மேடம், ஒரே ஒரு தடவை" என்றான் அஷ்வின். "என்னை ஃப்ரேம்ல வைக்க வேணாம். நான் கேமராவுக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். அவங்களுக்கு எதிர் வசனம் மட்டும் எடுத்துக் குடுக்கறேன்."

அனுஷா அவனைப் பார்த்தாள். "உன் டேக் இன்னும் எடுக்கலயே. டைம் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. அடுத்த ஆள் வெளியில காத்திருக்கார்."

"பரவால்ல மேடம்."

தன் ஐந்து நிமிஷத்தை அவன் தூக்கிக் கொடுக்கிறான் என்பது வீணாவுக்குப் புரிந்தது. ஏஜென்டாகத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

அஷ்வின் கேமராவுக்குக் கீழே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். கையில் காகிதம் இல்லை.

சீதாலட்சுமி மறுபடி காலைச் சேர்த்து நின்றாள். "ஏன். என்கிட்ட…"

"பார்க்ல சாப்பிடலம்மா" என்றான் அவன்.

அவள் நின்றாள். இது காகிதத்தில் இல்லை. வீணாவை ஒரு பார்வை பார்த்தாள். வீணா பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"அப்புறம் எங்க?"

"மெட்ரோ ஸ்டேஷன்ல."

"எந்த ஸ்டேஷன்?"

"இந்திராநகர்."

சீதாலட்சுமியின் கை இடுப்புக்குப் போனது. தாடை இறங்கியது. இருபத்திரண்டு வருஷமாக, தலைவலி என்றும் சித்தப்பாவுக்குக் காரியம் என்றும் தினமும் புதுப்புதுப் பொய் கேட்டுத் தேறிய கண் அது.

"பொய் சொல்லாத. ஸ்டேஷனுக்குள்ள சோத்து மூட்டையப் பிரிச்சா அபராதம் போட்டுடுவான். எங்கடா சாப்பிட்ட?"

"வெளியில… படிக்கட்டுல."

"ரெண்டு மாசமும் அந்தப் படிக்கட்டுலயா?"

"ம்."

"வெயில் இல்ல?"

அஷ்வினின் தலை குனிந்திருந்தது. சீதாலட்சுமி அவனையே பார்த்தாள். கேமராவை மறந்துவிட்டாள். அனுஷாவை, விளக்குகளை, தலைப் பூவை மறந்துவிட்டாள். இடுப்பிலிருந்த கை தானாகக் கீழே வந்தது. குரல் பாதியாகத் தணிந்தது.

"மழை பெஞ்ச அன்னிக்கு எங்கடா இருந்த?"

கேமராவை நிறுத்த வேண்டிய ஜூடித் நிறுத்தவில்லை. அனுஷா கண்ணை மூடியிருந்தாள். பிறகு திறந்தாள்.

"கட்" என்றாள்.

சீதாலட்சுமி உடனே வீணா பக்கம் திரும்பினாள். "வார்த்தை மாறிடுச்சு. இவன்தான் மாத்தினான்."

*

நாலே காலுக்கு அனுஷா வீணாவை மட்டும் வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"அம்மா ரோல் அவங்களுக்குத்தான். பையன் ரோல் இவனுக்குத்தான்."

"ரெண்டு பேருமா?"

"அந்த அம்மா இவன்கிட்ட மட்டும்தான் அப்படிப் பேசறாங்க. அதனால ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் எனக்கு வேணும். ஒருத்தர் இல்லேன்னா ரெண்டு பேருமே இல்ல. இன்னொரு ஜோடியும் ரெடியா இருக்கு. அடுத்த திங்கக்கிழமை ஷூட்டிங், இருபத்து நாலு நாள், நடுவுல ஒரு நாள்கூட விட முடியாது. தேதியை நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணிடுங்க."

"பண்ணிடறேன்" என்றாள் வீணா. மறுபடியும் வாய் முந்திக்கொண்டது.

அஷ்வினிடம் படிக்கட்டில் சொன்னபோது அவன் கத்தவில்லை, குதிக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "எங்கப்பாவுக்குப் போன் பண்ணட்டா மேடம்?" என்று கேட்டான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மேல பண்ணு."

"ஏன் மேடம்?"

"பத்துன்னா பத்து. அதுக்கு முன்னாடி மூச்சு விடாத."

டாக்ஸி ஏறும்போது ஐந்து. குந்தலஹள்ளி கேட் பக்கம் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக நின்றிருந்தன. சீதாலட்சுமி தலைப் பூவை ஒவ்வொரு சரமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க ஒரு பளபளப்பு.

"அந்த டைரக்டர் பொண்ணு என் கையைப் பிடிச்சுகிட்டாம்மா. விடவே இல்ல. என்ன சொன்னா தெரியுமா? எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்கன்னா." சிறிது நேரம் கழித்து, "ஆள் பிடிக்கிற வேலைன்னு சொன்னேனில்ல உன்னை? சும்மா சொல்லல. இந்த மாதிரி பிடிக்கணும்" என்றாள்.

மூன்று வருஷத்தில் அண்ணி சொன்ன முதல் பாராட்டு. வீணா சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். ஐந்து நாற்பத்தெட்டு. கம்பெனிக்கு எழுத வேண்டிய பதிலைத் திறந்தாள்.

இருபத்து நாலு நாள் விஷயத்தை அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. ஃபேக்டரி விடுமா விடாதா தெரியாது. அண்ணி சம்மதிப்பாளா தெரியாது. புத்தியுள்ள எவளும் இந்த நேரத்தில் வைட்ஃபீல்ட் வேலைக்குச் 'சம்மதம்' என்றுதான் எழுதுவாள். வீணா எட்டு வருஷம் ஹெச்.ஆரில் இருந்தவள். புத்தி அவளுக்கு நிறையவே உண்டு.

மழை பெய்த அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று அண்ணி கேட்டபோது அந்த அறையில் இருந்தவர்களின் முகங்களை நினைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு அறைக்கு வெளியே தன்னால் இனி உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டாள்.

'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் அழைப்புக்கு மனமார்ந்த நன்றி. நான் ஏற்கெனவே ஒரு தொழிலில் இருக்கிறேன். அதை விடுவதாக இல்லை.' ஆங்கிலத்தில் இதையே நான்கு வரியாக எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்தாள். ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினாள்.

"அண்ணி, ஷூட்டிங் திங்கக்கிழமை ஆரம்பம்."

"ஒரு நாள் லீவு போட்டுடறேன்."

"இருபத்து நாலு நாள்."

மடியிலிருந்த பூவின் மேல் சீதாலட்சுமியின் கை நின்றது.

"சேந்தாப்புலயா?"

"சேந்தாப்புல. நீங்க இல்லேன்னா அஷ்வினும் இல்ல. ரெண்டு பேரும் சேந்துதான் வேணும்னு சொல்லிட்டாங்க."

"பத்து நாள் சேந்தாப்புல வரலேன்னா பேரை அடிச்சிடுவாங்க வீணா. சர்வீஸ் போயிடும். ரிடையர் ஆக ஆறு வருஷம் இருக்கு எனக்கு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பக்கத்து ஆபீஸ் பஸ்ஸில் ஒரு பெண் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "இதை நீ ஏஜென்டா சொல்றியா, என் தம்பி பொண்டாட்டியா சொல்றியா?"

வீணா வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் மற்றொன்று பொய்யாகிவிடும் போலிருந்தது.

"தம்பி பொண்டாட்டியா சொன்னா, வேணாம்னு சொல்லுவேன் அண்ணி. சர்வீஸை விடாதீங்கன்னு சொல்லுவேன்."

"ஏஜென்டா சொன்னா?"

"உங்களை மாதிரி ஒருத்தரை மறுபடி நான் பாக்கப் போறதில்ல."

சீதாலட்சுமி ஜன்னலிலிருந்து திரும்பிக் கேட்டாள், "அந்த ஆபீஸ் வேலைக்கு இன்னிக்குப் பதில் போடணும்னு ரவி சொன்னானே. போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"என்னன்னு?"

"வேணாம்னு."

"என்னைக் கேக்காமலேயா?"

"உங்களைக் கேக்காமலேதான்."

"அடிப்பாவி" என்றாள் சீதாலட்சுமி. கண்ணில் மட்டும் சிரிப்பு தெரிந்தது. பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, வீணாவின் மடியில் வைத்தாள்.

"யாருக்கு அண்ணி?"

"ப்ரொடக்‌ஷன் மேனேஜர் வெங்கடசாமி. நீ பேசு. நடிகைங்க தேதியைப் பேசறது உன் வேலைதானே? என் தேதி அந்த ஆள்கிட்டதான் இருக்கு. வாங்கிக் காட்டு."

"அண்ணி, நான் எப்படி…"

"ஹலோ, ஏனம்மா சீதாலட்சுமி, என்ன விஷயம்?" என்றது போன். பின்னால் நூறு மெஷின்கள் இரைந்தன.

வீணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனை தயாரிப்பாளர்களிடம் தேதி பேசியிருக்கிறாள்! சட்டை தைக்கும் ஃபேக்டரியிடம் பேசியதில்லை. தொண்டையைச் செருமினாள்.

"சார், வணக்கம். சீதாலட்சுமி மேடத்துக்காகப் பேசறேன். என் பேரு வீணா. ஒரு இருபத்து நாலு நாள் அவங்களை எங்களுக்குத் தரணும்."

வெங்கடசாமி யாரிடமோ கையமர்த்தி நிறுத்தச் சொன்னது போல மெஷின் சத்தம் தேய்ந்தது.

"எத்தனை நாளு?"

"இருபத்து நாலு. காரணம் சொல்றேன் சார். அஞ்சு நிமிஷம் போதும்."

"போன்ல ஆகல்லம்மா. நாளை பெளகே, காலையில எட்டு மணிக்கு நேர்ல வாங்க. ஜி.எம்.மும் இருப்பாரு." லைன் அறுந்தது.

எட்டு மணிக்கு ஃபேக்டரி. பத்து மணிக்கு அனுஷா. நடுவில் இரண்டே மணி நேரம். வீணாவுக்குப் பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. மனதுக்குள் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள்.

"எட்டுன்னா ஏழே முக்காலுக்கு கேட்ல இருக்கணும்" என்றாள் சீதாலட்சுமி, பூச்சரங்களைக் கைக்குட்டையில் மடித்தபடி. "ஒரு நிமிஷம் லேட்டானாலும் உள்ள விட மாட்டாங்க."

"நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க அண்ணி."

"லேட்டானா நானே விட மாட்டேன்டி."